இறாலைக் காக்கும் நுண்பாசி

உலகச் சந்தைக்கு வரும் இறாலில் பாதிக்கு மேல் இன்று குளங்களில் வளர்க்கப்படுகிறது. மலேசியாவிலும் கெடா, பினாங்கு, பேராக், ஜொகூர் ஆகிய மாநிலங்களின் கரையோரங்களில் இறால் குளங்கள் உள்ளன. குஞ்சுகளை விட்ட மூன்று, நான்கு மாதங்களில் அறுவடை செய்யலாம் என்பதால் இது இலாபம் தரும் தொழிலாகக் கருதப்படுகிறது. ஆயினும், நோய் புகுந்துவிட்டால் சில நாள்களிலேயே குளம் வெறுமையாகிவிடும்.

2009-ஆம் ஆண்டில் சீனாவில் தோன்றிய இளம்பருவ இறப்பு நோய், 2011-க்குள் மலேசியாவையும் எட்டியது. குளத்தில் விடப்பட்ட இறால்கள் ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் மடிந்தன. விப்ரியோ வகைப் பாக்டீரியாவே இதற்குக் காரணம் என்பது 2013-இல் கண்டறியப்பட்டது.

இத்தகைய இழப்புக்கு அஞ்சும் வளர்ப்பாளர் சிலர் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை நாடுகின்றனர். இது ஆபத்தான வழியாகும். மருந்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால், அதற்கு அடங்காத கிருமிகள் பெருகும். மருந்தின் எச்சம் இறாலிலும் தங்கிவிடும். தடைசெய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் காணப்பட்டதால், 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீபகற்ப மலேசியாவின் இறால்களை நுழைவாயிலிலேயே நிறுத்திவைக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆணையிட்டது. சிலர் செய்த தவற்றால் நேர்மையான வளர்ப்பாளர்களும் பாதிக்கப்பட்டனர்.

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது பழமொழி. இறாலுக்கு இது மிகவும் பொருந்தும். மனிதரைப்போல ஒரு நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் ஆற்றல் இறாலின் உடலுக்கு மிகக் குறைவு. ஆகவே, நல்ல நீரும் நல்ல உணவுமே அதற்குச் சிறந்த பாதுகாப்பு. இவ்விரண்டையும் தரவல்லவை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள்.

நுண்பாசிகள் சூரிய ஒளியில் வளர்ந்து, பகலில் நீருக்கு உயிர்வாயுவைத் தருகின்றன. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை உறிஞ்சுகின்றன. இறாலுக்குத் தேவையான புரதமும் கொழுப்பமிலங்களும் அவற்றில் உள்ளன. சமைத்த இறாலுக்குச் செந்நிறம் தரும் நிறமியும் உடலணுக்களைக் காக்க உதவுகிறது. அந்நிறமிக்கான மூலப்பொருளை இறாலால் தானே உருவாக்க இயலாது. பாசி போன்ற உணவின் வழியே பெற வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. ஜப்பானிய அறிவியலாளர் மோட்டோசாகு ஃபுஜினாகா, பல ஆண்டுகளுக்கு முன்பே நுண்பாசியை ஊட்டி இறால் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். அதனால்தான் இன்றும் குஞ்சு பொரிப்பகங்களில் நுண்பாசி தவறாமல் வளர்க்கப்படுகிறது. அந்த அக்கறை பொரிப்பகத்தோடு நின்றுவிடாமல் வளர்ப்புக் குளத்திற்கும் வர வேண்டும்.

நுண்பாசியை நம்புவது எளிதன்று என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. பாசி அளவுக்கு மீறிப் பெருகினால், இரவில் அதுவே உயிர்வாயுவைக் குறைத்துவிடும்; திடீரென மடிந்தால் நீர் கெடும். தூய பாசியை வளர்க்கச் செலவும் ஆகும். எனினும், நீரை நாள்தோறும் சோதித்து வந்தால் இந்த ஆபத்தைக் குறைக்கலாம். செலவைக் குறைக்கும் வழிகளையும் ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர். குளத்தின் அடியில் தேங்கும் கழிவுச் சேற்றிலுள்ள சத்துகளைக் கொண்டு பாசி வளர்ப்பது அவற்றுள் ஒன்று.

நுண்பாசி எல்லா நோயையும் தீர்க்கும் மருந்தன்று. தரமான குஞ்சுகளும் தூய்மையான குளமும் அதனுடன் சேர வேண்டும். எனவே, சிறு வளர்ப்பாளர்களுக்குப் பாசி வளர்ப்பில் பயிற்சியும் நீர்ச் சோதனைக் கருவிகளும் வழங்கப்பட வேண்டும். நோய் வந்தபின் மருந்துக்குச் செலவிடும் பணத்தை, நோய் வராமல் தடுக்கச் செலவிடுவதே அறிவுடைமை. அதனால் வளர்ப்பாளரின் வருமானமும், அந்த இறாலை உண்போரின் உடல்நலமும் ஒருங்கே காக்கப்படும்.