மெடிக்கல் ஒரு சோதினை இல்லை

கனடா விசாவுக்கு மெடிக்கல் எண்டதும் ஏ.எல். சோதினை மாதிரிப் பயப்பிடுறம். முன்னம் காசநோய் வந்து, ஆறு மாதம் மருந்து குடிச்சு மாறினதை டொக்டரிட்டச் சொல்லாமல் மறைக்கிறம். ஆனால் 11 வயதிலிருந்தே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பழைய தழும்பு அதில் தெரியும். அது ஆறின தழும்பு எண்டு காட்ட எங்கட கிளினிக் கொப்பியும் பழைய எக்ஸ்ரே படமும்தான் உதவும்.

இப்போது நோய் இருந்தாலும் கதை முடியிறதில்லை. விண்ணப்பம் தாமதமாகும், சிகிச்சை முடிய, தொடரலாம். அரசாங்க மார்புநோய் கிளினிக்கில் அந்த மருந்து இலவசம். மறைச்சால் பாதிக்கப்படுறது விசா மட்டுமில்லை, ஒரே அறையில் படுக்கிற அம்மம்மாவும்தான்.

பாஸ்போட், மூக்குக்கண்ணாடி, மருந்துத்துண்டு, கொப்பி எல்லாத்தையும் கொண்டுபோவம். வெக்கத்தை மட்டும் வீட்டில விட்டிட்டுப் போவம்.