முழியும் கணக்கும்

சந்தேகப்படுவதற்கு நம் தெருக்களில் சொற்பஞ்சம் கிடையாது. ‘திருட்டு முழி’, ‘டகால்டி பார்ட்டி’, ‘ஆளப் பாத்தாலே தெரியல?’ என்று ஒரு வரிசை. ‘எங்கேயோ இடிக்குதே’, ‘கணக்கு உதைக்குதே’ என்று இன்னொரு வரிசை. முதல் வரிசை ஆளின் முகத்தைப் பார்க்கிறது. இரண்டாவது அவர் சொன்ன கதையைப் பார்க்கிறது. ஒன்பது மணி பஸ்ஸில் வந்தேன் என்பவரிடம், ஒன்பது மணிக்கு ஏது பஸ் என்று கேட்கலாம். அவரும் டிக்கெட்டை எடுத்துக் காட்டி நம் வாயை அடைக்கலாம். முழி சரியில்லை என்று சொல்லப்பட்டவர் எதை எடுத்துக் காட்டுவார்?

முகத்தின் மேல் விழும் சந்தேகம் அதிகாரத்தின் கைக்குப் போனால் சட்டமாகிவிடுகிறது. நம் பிள்ளைகள் இன்று சந்தேகம் வந்தால் ஆளுக்கு ஆள் ‘சஸ்’ என்கிறார்கள். 2018இல் வெளியாகி 2020 ஊரடங்கில் உலகெங்கும் பரவிய ‘அமங் அஸ்’ விளையாட்டு அவர்கள் வாயில் போட்ட சொல் அது. இங்கிலாந்தில் அதே சொல் ஆட்களைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தில், ‘சந்தேகத்துக்குரியவர்’ குற்ற நோக்கத்தோடு பொது இடத்தில் நடமாடினால் பிடிக்கலாம் என்றொரு பிரிவு இருந்தது. மக்கள் அதை ‘சஸ் சட்டம்’ என்றார்கள். களவு போன பொருளும் வேண்டாம், பறிகொடுத்தவரும் வேண்டாம். காவலர்களின் சாட்சியமே போதும். 1970களில் கறுப்பின இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அதில் சிக்கினார்கள். அவர்களுடைய தாய்மார்கள் தெற்கு லண்டனில் திரண்டு, அதை ஒழிக்கச் சொல்லிப் போராடினார்கள். 1981 ஏப்ரலில் அங்கே பிரிக்ஸ்டன் பகுதி கலவரத்தில் பற்றி எரிந்தது. அதே ஆண்டு அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

நமக்கு இது அயலூர்க் கதை அல்ல. அதே ஆங்கிலேய ஆட்சி இங்கே 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒருவர் என்ன செய்தார் என்ற கேள்வியே அதில் இல்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்பதே குற்றம். அந்தச் சட்டப்படி கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிகள் வெடித்தன. 1947இல் இங்கே சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. ‘சந்தேகக் கேஸ்ல தூக்கிட்டாங்க’ என்பது இன்றும் நம் சேரிகளின் அன்றாடப் பேச்சு. அதற்கு உதவிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, 2024 ஜூலையில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எண் மட்டும் மாறி 128 ஆகியிருக்கிறது.

போலீஸை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஊர் திரண்டு அவரை அடித்தே கொன்றது. எந்தக் கோயில், யார் பூசாரி என்று நிதானமாக நான்கு கேள்வி கேட்டிருந்தால் கதை நேராகியிருக்கும். வாட்ஸ்அப் வதந்தி அதற்குள் முழியைத் தீர்மானித்துக் கொடுத்திருந்தது.

இரண்டாம் வரிசைக்காரர்களுக்கு இந்த அவசரம் கட்டுப்படியாகாது. மோப்பம் பிடிக்க வேண்டும், பேச்சுக் கொடுத்து வாயைக் கிளற வேண்டும், தெரிந்ததுபோல் ஒன்றைப் போட்டு இன்னொன்றை வாங்க வேண்டும். பொறி தட்டுவது அத்தனைக்கும் பிறகுதான். இது பெரும்பாலும் எளியவர்களின் வித்தை. மேஸ்திரியின் முழியைக் குறை சொல்லிச் சித்தாளுக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. கணக்கு எங்கே உதைக்கிறது என்று விரல் வைத்தால்தான் கூலி வரும். 1990களில் ராஜஸ்தான் கிராமத் தொழிலாளர்கள் அதைத்தான் செய்தார்கள். கூலிப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படிக்க வைத்தார்கள். செத்தவர்கள் பெயரிலும் கூலி போயிருந்தது தெரியவந்தது. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி போட்ட போராட்டங்களில் அது முதன்மையானது. ‘எங்கேயோ இடிக்குதே’ என்ற முணுமுணுப்பும் சட்டமாக முடியும் என்பதற்கு அது சாட்சி.

சிற்றிதழ்க்காரர்கள் நாம் இதில் எந்த வரிசை? ஒரு நாவல் வந்ததும், யாருடைய ஆள், எந்த முகாம், விருதுக்குப் பின்னால் யார் என்றுதான் முதலில் கேட்கிறோம். இருநூறாவது பக்கத்தில் பாத்திரம் ஏன் திடீரென்று வேறு ஆளாகப் பேசுகிறது என்று கேட்பவர் குறைவு. முகாம் பார்த்து எழுதுவதற்குப் புத்தகத்தைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. அந்தச் சௌகரியம்தான் நம் விமர்சனத்தைப் பாதி தின்றுவிட்டது.

ஆகவே இந்த இதழிலிருந்து ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்கிறோம். எங்கள் பக்கங்களில் எது இடிக்கிறது என்று பத்தியைக் காட்டி எழுதுங்கள்; எங்களுக்கு வலித்தாலும் பிரசுரிப்போம். எழுதியவரின் முழியைப் பற்றிய கடிதங்களுக்கு இடமில்லை, அவை எங்களைப் புகழ்ந்து வந்தாலும்கூட.