பிழை பிள்ளையின் பெயரில் இல்லை

ஸஅத், மஸ்ஊத், அஸ்அத். எங்கள் ஊரில் இந்தப் பெயர்களுக்குக் குறைவில்லை. அறபியில் உள்ள 'ஐன்' எழுத்துக்கு ஆங்கிலத்தில் நேரான எழுத்து இல்லாததால், சில வாப்பாமார் பிறப்புச் சான்றிதழில் அந்த இடத்தில் மேலே ஓர் ஒற்றைக் குறி போட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது சில தளங்களில் "பெயர் பிழை" என்று வரும். "குறியை எடுத்துவிட்டு அனுப்புங்க மகன்" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். நாங்கள் சொன்னது தவறு.

அந்தக் குறியில் அப்படி என்ன இருக்கிறது? தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதும் எஸ்.கியூ.எல். மொழியில், பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவதும் இதே ஒற்றைக் குறிதான். நிரல் எழுதியவர், நாம் தட்டிய பெயரை அப்படியே கட்டளைக்குள் ஒட்டிவிட்டால், நடுவில் வரும் குறியோடு பெயர் முடிந்ததாகத் தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கட்டளையாக வாசிக்கும். ஸஅத் எழுதினால் பிழைச் செய்தி வரும். கெட்ட எண்ணக்காரன் அதே இடத்தில் கட்டளையையே எழுதினால், எல்லோருடைய விபரமும் அவன் கையில்.

இது கற்பனை இல்லை. 2015 ஒக்டோபரில் பிரித்தானியாவின் டோக்டோக் நிறுவனத்தில் இந்த வழியால்தான் 156,959 வாடிக்கையாளர்களின் விபரங்கள் களவு போயின. அடுத்த வருடம் 400,000 பவுண் தண்டம். இத்தனைக்கும் இந்த ஓட்டை 1998இலேயே எழுத்தில் வெளிவந்த பழைய விடயம்.

குறியைத் தடை செய்தால் போதாதா? போதாது. இலக்கம் கேட்கும் இடத்தில் ஒற்றைக் குறி இல்லாமலே கட்டளையை நுழைக்கலாம். பி.எச்.பி. மொழியும் ஒரு குறுக்கு வழி பார்த்தது. 'மெஜிக் கோட்ஸ்' என்று, வருகின்ற ஒவ்வொரு குறிக்கும் முன்னால் தானாகவே ஒரு சாய்கோடு போட்டது. பெயர்கள் சாய்கோட்டோடு திரையில் வந்தன. நிரலாளர்களோ "மொழியே பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிட்டார்கள். 2009இல் அதைக் கைவிடச் சொன்னார்கள், 2012இல் 5.4 பதிப்போடு முழுதாக நீக்கினார்கள். காரணம் எளிது: தரவுத்தளத்துக்கு ஆபத்தான குறி வேறு, இணையப் பக்கத்துக்கு ஆபத்தான குறி வேறு. வாசலில் ஒரே பூட்டுப் போட்டு இரண்டையும் காக்க முடியாது.

சரியான வழி கஷ்டமில்லை. கட்டளையை முதலில் தனியாகக் கொடுத்துவிட்டு, பெயரைப் பிறகு வெறும் பெயராக மட்டும் அனுப்புவது. 'பிரிபெயார்ட் ஸ்டேட்மன்ட்' என்பது இதுதான். திரையில் காட்டும்போது 'எச்.டி.எம்.எல். ஸ்பெஷல்சார்ஸ்' போடுவது.

உயர்தர ஐ.சி.டி. பாடத்தில் பி.எச்.பி.யும் தரவுத்தளமும் இருக்கின்றன. ஆனால் வகுப்பில் நேரம் போதாமல், ஒட்டி எழுதும் முறையைக் காட்டிவிட்டு "பாதுகாப்பைப் பிறகு படிக்கலாம்" என்று நகர்ந்துவிடுகிறோம். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. நாளைக்குப் பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் தளம் செய்து தரப்போவது அதே பிள்ளைகள்தான். முதல் பாடத்திலேயே சரியான முறையைக் காட்டுவது எங்கள் பொறுப்பு.

ஊர் மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடையாள அட்டை இலக்கம், குடும்ப வருமானம், தொலைபேசி எண் எல்லாம் கேட்கும் படிவம் செய்விக்கிறீர்களா? செய்து தருபவரிடம் ஸஅதின் பெயரைக் குறியோடு தட்டிக் காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் பணம் கொடுக்க முதல் திருத்தச் சொல்லுங்கள். தடுமாறாவிட்டாலும், "பெயரைக் கட்டளைக்குள் ஒட்டுகிறீர்களா, தனியாக அனுப்புகிறீர்களா?" என்று கேளுங்கள். மக்கள் நம்பித் தந்த விபரம் அமானிதம். பிள்ளையின் பெயரை மாற்றச் சொல்வதை விட்டு, நிரலை மாற்றுவோம்.