பிரின்டரைக் குறை சொல்லுமுன்...

கடைக் கணனியில் ஒரே பக்கமாக நின்ற கூறுவிலைக் கடிதம், வெளியே கொண்டுபோய் அச்சிட்டதும் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடுகின்றது. மொத்தத் தொகையும் கையொப்பமும் தனித் தாளில்! கேள்விப்பத்திரத்துக்கு விலை கொடுக்கும் வியாபாரிக்கு இது சின்ன விடயமல்ல. உடனே பிரின்டரை ஏசுகின்றோம். சிலர் புதிதாக ஒன்று வாங்கியும் விடுகின்றார்கள். பெரும்பாலும் அது வீண்செலவு என்பதே எமது கருத்து.

வேர்ட் கோப்பு அச்சிட்ட தாளின் பிரதியல்ல. திறக்கும் கணனியில் உள்ள எழுத்துருவையும் அங்கு தெரிவாகியுள்ள பிரின்டரையும் பொறுத்து வரிகள் மறுபடி அடுக்கப்படுகின்றன. எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும்.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு பாமினியால் இன்னொரு தொல்லை. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துச் செய்யப்பட்டது. பாமினி இல்லாத கணனியில் உங்கள் விலைப்பட்டியல் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். யுனிகோட்டில் தயாரித்தால் எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். இன்னும் பாமினியை விடாதிருப்பது வெறும் பழக்கதோசம்தான்.

தாளின் அளவையும் பாருங்கள். நாம் பாவிப்பது ஏ4. 210க்கு 297 மில்லிமீற்றர். பல மென்பொருள்களில் அமெரிக்க 'லெட்டர்' அளவு தெரிவாகியிருக்கும். அது சுமார் 6 மி.மீ. அகலம் கூடியது, 18 மி.மீ. உயரம் குறைந்தது. கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்குப் போக இதுவே போதும்.

வெளியே அச்சிடுவதாயின் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எப். கோப்பாகவே கொடுங்கள். பிறர் கையில் விலை தவறுதலாக மாறும் வாய்ப்பும் குறையும். அதையே இரண்டு பிரின்டர்களில் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பிழையென்றால் கோளாறு கோப்பில். ஒன்றில் மட்டுமென்றால் அந்தப் பிரின்டரில் அல்லது அதன் அமைப்பில். (சின்னத்தின் நிறம் சற்று மாறுவது வேறு கதை, திரையின் ஒளியும் தாளின் மையும் ஒன்றல்ல.)

கட்டங்கள் அச்சிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் வைத்திருப்போர், தொகை கட்டத்துக்கு வெளியே விழுவதாக அடிக்கடி முறையிடுகின்றார்கள். பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கும் தெரிவே அங்கு வழக்கமான காரணம். 10 சென்ரிமீற்றர் கோடொன்றை அச்சிட்டு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 9.7 வந்தால் அந்தத் தெரிவை நீக்கி நூறு வீதத்தில் அச்சிடுங்கள். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் தாராளமாகத் திருத்துநரைக் கூப்பிடலாம்.