மலைநாட்டு மாணவரும் அறிமுறைப் பௌதிகமும்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவருங் காலத்தில் நம் மலைநாட்டு இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை இனி எதைப் படிப்பது?" வைத்தியம், பொறியியல், ஆசிரியத் தொழில் என்னும் மூன்று விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. நான்காவதாக ஒரு விடையும் உண்டு. அறிமுறைப் பௌதிகம் என்னும் அத்துறையைப் பற்றியே இவ்வாரம் நாம் கூற விரும்புகின்றோம்.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே தேநீருக்கு வைத்த தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகின்றது. வெப்பமானியைக் கையிலெடுத்து இதனை அளந்து காண்பவர் பரிசோதனைத் துறையினர். உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறைகின்றது, அமுக்கம் குறைய நீர் எளிதில் ஆவியாகின்றது, ஆகவே இன்ன உயரத்தில் இன்ன வெப்பநிலையில் நீர் கொதித்தல் வேண்டும் என்று அடுப்பை மூட்டாமலே கணித்துச் சொல்பவர் அறிமுறைத் துறையினர். அணுவின் உள்ளமைப்பும் அண்டத்தின் வரலாறும் இவ்வாறே அவர்தம் கணக்குக்குள் அடங்குகின்றன.

இத்துறையில் பெயர் நிறுத்திய தமிழர் நம் நாட்டிலேயே உண்டு. யாழ்ப்பாணத்தவரான சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற டிராக் என்பாரிடம் ஆராய்ச்சி பயின்றவர். தம் ஆசிரியர் வகுத்த சமன்பாடு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன்படி நேரெதிர் மின்னேற்றத்தை நோக்கி நேர்கோட்டில் விரையும் இலத்திரன், அதனைச் சென்றடையாது இடைவழியில் திரும்பிவிடும் என 1943-இல் அவர் காட்டினார். ஈர்க்கப்படும் பொருள் விலகியோடுவது இயல்பன்று; எனவே அச்சமன்பாட்டின் அடிப்படையை மேலும் ஆராய வேண்டும் என்பது தெளிவாயிற்று. பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராய் விளங்கிய அவருக்கு இம்முடிவைக் காணக் கடதாசியும் பேனாவுமே கருவிகளாயின.

கருவி வேண்டாத இத்துறைக்கு ஒன்று மட்டும் இன்றியமையாதது. அது ஒத்த அறிஞரின் துணை. அப்துஸ் சலாம் 1951-இல் கேம்பிரிட்ஜிலிருந்து லாகூருக்குத் திரும்பினார். கலந்து பேச எவருமின்றித் தனிமையுற்று 1954-இல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். தமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராதிருக்க வேண்டுமென்று 1964-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அவர் தொடக்கிவைத்ததே சர்வதேச அறிமுறைப் பௌதிக நிலையம். 1979-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. சென்னையிலோ அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லத்திலேயே ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தினார். அங்கு கூடிய இளைஞர் குழுவிலிருந்தே 1962-இல் கணித விஞ்ஞான நிறுவனம் பிறந்தது.

இனி, வழி யாதெனக் காண்போம். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் நாடளாவிய திறமைக்கு 40 வீதமும் மாவட்டத் திறமைக்கு 55 வீதமும் ஒதுக்கப்பட, எஞ்சியது கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு உரியது. நுவரெலியா அவற்றுள் ஒன்று. பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலுள்ள அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தற் கட்டணமின்றி நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பெறலாம். தகுதியும் தேவையுமுள்ளோர்க்கு மகாபொல புலமைப் பரிசிலும் உண்டு.

பட்டத்தின் பின்னர் இருவழிகளைக் கருதலாம். ஒன்று, முன்னர்க் கூறிய திரியெஸ்தே நிலையம். வளர்முக நாட்டு மாணவருக்கென 1991 முதல் அங்கு ஓராண்டுப் பட்டமேற் டிப்ளோமா நடைபெறுகின்றது. தேர்ந்தெடுக்கப்படுவோர் வாழ்க்கைச் செலவுக்கும் உதவி பெறுகின்றனர். மற்றொன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். அங்கே முதுமாணிப் பட்டமில்லாமலே கலாநிதிப் படிப்பிற் சேரலாம். கற்பித்தலில் உதவும் மாணவர்க்குக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் வழங்குவது பௌதிகத் துறைகளில் வழக்கம். ஆகவே, "வெளிநாட்டுப் படிப்புக்கு நாம் எங்கே போவது?" என்று பெற்றோர் மலைத்து நிற்க வேண்டியதில்லை.

குறையையும் மறைக்கலாகாது. கலாநிதிப் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். அதன்பின் பல்கலைக்கழகப் பதவிகள் சிலவே, போட்டியோ பெரிது. உழைக்கும் வயதுடைய மகனோ மகளோ அத்தனை காலம் கற்பது, நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சிறிய தியாகமன்று. ஆயினும் அக்கணிதமும் கணினிப் பயிற்சியும் வேறு பல தொழில்களிலும் விலைபோவன; கற்றது வீணாகாது.

உண்மையான தடை திரியெஸ்தேயிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. அது நம் பாடசாலை வாயிலிலேயே இருக்கின்றது. சாதாரண தரத்தில் கணிதத்தில் நன்கு சித்தியெய்திய பிள்ளைக்குத் தோட்டத்துக்கு அண்மையில் உயர்தரக் கணித வகுப்பு இல்லை. வகுப்பிருப்பினும் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் போதாது. அதனால் கணக்கிலே நாட்டமுள்ள பிள்ளையும், இருக்கின்ற கலைப் பிரிவிலேயே சேர்ந்துவிடுகின்றது. பதினாறு வயதில் அடைபட்ட அக்கதவை எந்தப் புலமைப் பரிசிலும் பின்னர்த் திறக்கமாட்டாது. மாவட்டத்துக்கென ஒதுக்கிய இடமும் பரீட்சைக்குத் தோற்றியவர்க்கே பயன்படும்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இது: கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், அட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ கணிதப் பிரிவுள்ள பாடசாலையை நாடிச் செல்ல வழிசெய்யுங்கள். பேராதனையில் பயிலும் நம் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள்: விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது உங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரை ஓரிடத்தில் இருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். சென்னையில் ஒரு வீட்டு அறையில் தொடங்கியது நிறுவனமாயிற்று. லயத்து முற்றத்தில் தொடங்குவதும் வளரத்தான் செய்யும்.