கூலன்ட் குறையுதா? ஊத்துறதுக்கு முன்னாடி ஓட்டையைக் கண்டுபிடிங்க!



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆனதும் நம்மில் பலர் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறோம். வேலைக்குப் போக கம்பெனி பஸ் இருக்கு. ஆனா ஊருக்குப் போகணும், அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வாங்குறதுல தப்பே இல்ல.

தப்பு எங்க நடக்குதுன்னா, வாங்கி ஆறு மாசத்துல கூலன்ட் டப்பால அளவு குறையும்போது. "கொஞ்சம் ஊத்திக்கோங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் மெக்கானிக். நாமளும் ஊத்துவோம். அடுத்த மாசம் மறுபடியும் குறையும். மறுபடியும் ஊத்துவோம். கூலன்ட் கைவசம் இல்லன்னா பாட்டில் தண்ணி.

இந்த விஷயத்துல என் கருத்து இதுதான்: பார்ட்ஸுக்குக் காசு கொடுக்கத் தயங்காத நாம, லீக்கைக் கண்டுபிடிக்கிற வேலைக்குக் காசு கொடுக்க யோசிக்கிறோம். நம்ம பணம் ஒழுகுறதே அங்கதான்.

ஏன் இவ்வளவு சீரியஸ்?

கூலிங் சிஸ்டம் மூடி வெச்ச சிஸ்டம். மாசாமாசம் அளவு குறையுதுன்னா எங்கேயோ வெளியே போகுது, இல்லன்னா எஞ்சினுக்குள்ளேயே போகுது.

சாதாரணமா தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் சுமார் 107 டிகிரி வரைக்கும் தாங்கும். ரேடியேட்டர் மூடி 1 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சா கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டிடும். லீக் இருந்தா அந்த அழுத்தம் நிக்காது, சீக்கிரமே கொதிக்க ஆரம்பிச்சிடும்.

மே மாசம், ஷிப்ட் விடுற நேரம், ஒரகடம் ஜங்ஷன்ல ஏசி போட்டுட்டு நிக்கிறீங்கன்னு வைங்க. கார் ஓடலன்னா ரேடியேட்டருக்கு ஃபேன் காத்து மட்டும்தான். டெம்பரேச்சர் முள் மேல ஏறுறது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்துலதான். அதைக் கவனிக்காம ஓட்டினா சிலிண்டர் ஹெட் வளையலாம், ஹெட் கேஸ்கெட் போகலாம்.

ஒரு உதாரணக் கணக்கு

லீக் டெஸ்ட்டுக்கு 500 ரூபாய், ஹோஸும் கிளாம்ப்பும் மாத்த 1,500 ரூபாய்னு வெச்சுக்குவோம். மொத்தம் 2,000. அதையே தள்ளிப்போட்டு ஹெட் வேலை வரைக்கும் போய் 30,000 ஆச்சுன்னா, 15 மடங்கு. உங்க காருக்குத் தொகை மாறும், எஸ்டிமேட் வாங்கிப் பாருங்க. ஆனா எது சின்னது, எது பெருசுங்கிறது மாறாது.

"இன்ஷூரன்ஸ் இருக்கே?"ன்னு கேக்காதீங்க. சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் கவர் ஆகாது. எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தாலும் அது எதுக்கெல்லாம் தரும், எதுக்குத் தராதுன்னு பாலிசி பேப்பரைப் படிங்க. இந்தச் செலவு நேரா உங்க எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கும். அது இல்லாதவங்களுக்கு கிரெடிட் கார்டு இஎம்ஐ.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல நீங்களே பாருங்க. ராத்திரி பார்க் பண்ணும்போது வண்டிக்கு அடியில ஒரு அட்டையைப் போடுங்க. நிறமில்லாத வெறும் தண்ணின்னா பெரும்பாலும் ஏசி தண்ணி, பயம் இல்ல. பச்சை, சிவப்பு மாதிரி நிறமா, கைக்கு வழவழன்னு இருந்தா கூலன்ட். முன் சீட்டுக்குக் கீழ மேட் ஈரமா, இனிப்பு வாடை அடிச்சா ஹீட்டர் கோர்மேல சந்தேகப்படலாம். வெளியே ஒரு சொட்டுகூட இல்லாம அளவு மட்டும் குறையுது, ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கு, சைலென்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வருதுன்னா வண்டியை எடுக்காதீங்க. ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம்.

அடுத்து மெக்கானிக்கிட்ட பிரஷர் டெஸ்ட் கேளுங்க. எஞ்சின் ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்துல ஒரு கை பம்பை மாட்டி, மூடியில போட்டிருக்கிற அழுத்தம் வரைக்கும் ஏத்துவாங்க. 10–15 நிமிஷத்துல முள் இறங்கினா லீக் இருக்கு. ஹோஸ் மூட்டு, வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஓரம்னு எங்க கசியுதுன்னு கண்ணாலயே பாக்கலாம். மூடியையும் தனியா டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. சில சமயம் குற்றவாளி அந்த மூடிதான்.

ரெண்டு எச்சரிக்கை: சூடா இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீங்க. லீக்கை அடைக்கும்னு ஊத்துற பவுடர், லிக்விட் எல்லாம் ரேடியேட்டரோட சின்னக் குழாய்களையும் சேர்த்து அடைக்கலாம்.

இது உங்களுக்குப் புதுசு இல்ல

நீங்க பாக்குற லைன்லயே லீக் டெஸ்ட் ஸ்டேஷன் இருக்கலாம். டிஃபெக்ட் வந்தா "ஒய்-ஒய் அனாலிசிஸ்" போட்டுத்தானே மூடுறீங்க? டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன உதாரணம் ஞாபகம் இருக்கா? மெஷின் நின்னது ஃபியூஸ் போனதால. ஃபியூஸ் போனது பேரிங்குக்கு ஆயில் பத்தாததால. ஆயில் பத்தாதது பம்ப் சரியா இழுக்காததால. பம்ப் இழுக்காதது ஷாஃப்ட் தேஞ்சதால. ஷாஃப்ட் தேஞ்சது வடிகட்டி இல்லாம இரும்புத் தூள் உள்ள போனதால. வெறும் ஃபியூஸை மாத்தியிருந்தா மெஷின் மறுபடி நின்னிருக்கும். கம்பெனி மெஷினுக்குக் கேக்குற "ஏன்?"-ஐ நம்ம காருக்கும் கேக்கலாமே.

"எல்லாத்தையும் மாத்திடலாம் சார், நிம்மதி"ன்னு சொல்ற மெக்கானிக்கும் இருக்கார். ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட்னு பில் ஏறும். டெஸ்ட்ல எது ஒழுகுதுன்னு காட்டச் சொல்லி, போட்டோ எடுத்துட்டு, அதை மட்டும் மாத்துங்க. மாத்தினப்புறம் திரும்ப ஒரு பிரஷர் டெஸ்ட். முள் நின்னாதான் வேலை முடிஞ்சது. கண்டுபிடிச்சவருக்கு அவரோட கூலியைப் பேரம் பேசாமக் கொடுங்க.

கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுறதும் இதே ஊத்துற வேலைதான். டப்பா நிறைஞ்ச மாதிரி தெரியும், ஓட்டை அப்படியே இருக்கும்.

இந்த ஞாயித்துக்கிழமை காலையில, எஞ்சின் சூடாகுறதுக்கு முன்னாடி, பானெட்டைத் திறந்து கூலன்ட் அளவுக்கு ஒரு மார்க் போடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே மாதிரி காலையில பாருங்க. குறைஞ்சிருந்தா முதல் செலவு டெஸ்ட்டுக்கு. உங்க ஏரியாவுல டெஸ்ட்டுக்கு எவ்வளவு வாங்குறாங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.