கூலி கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறோம்?

போன சித்திரையில் ஒருநாள் என் பழைய மேசைக் கணினி படுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஃபேன் சுற்றும். திரையில் ஒன்றும் வராது. வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய எழுத்துருவில் நான் தட்டி வைத்த குறிப்புகளும், அவற்றைத் திறக்கும் மென்பொருளும் அதில்தான் இருக்கின்றன.

முதலில் போன கடையில் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மதர்போர்டு போச்சு சார், புதுசு வாங்கிக்கோங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆபீசில் உடைந்த நாற்காலியைக் கழிப்பதற்கே நேரில் பார்த்துக் குறிப்பெழுதிப் பழகியவன் நான். மனசு ஒப்பவில்லை.

தேனியில் ஒரு சந்துக்குள் சின்னக் கடை வைத்திருந்த தம்பியிடம் கொண்டு போனேன். அவர் தூசியை ஊதிவிட்டு, ரேமின் பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்துப் பொருத்தினார். பயனில்லை. பிறகு ரேமைக் கழற்றிவிட்டே ஓட்டினார். "ரேம் இல்லேன்னா போர்டு பீப்புன்னு கத்தணும் சார். கத்தலை. போர்டே முழிக்கலை" என்றார். பவர் சப்ளையைத் தனியாக எடுத்து, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து மீட்டர் வைத்தார். 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் சரியாக இருந்தன.

அதன்பின் டார்ச் அடித்துக் காட்டினார். பிராசசர் பக்கத்தில் இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருந்தன. பிராசசருக்குத் தேவை ஒன்றரை வோல்ட் அளவுதான். 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும்போது ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது இவைதான். 2000-ஐ ஒட்டிய சில வருஷங்களில் இவற்றுக்குள் ஊற்றிய திரவம் சரியில்லாமல், உலகம் முழுக்க ஏராளமான போர்டுகள் இப்படிப் போயின. அதே மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்கும் வகையாகப் பார்த்து, பிளஸ் மைனஸ் மாறாமல் பற்றவைத்தார். திரை ஒளிர்ந்தது.

400 ரூபாய் கேட்டார்.

"கெப்பாசிட்டர் என்ன விலை தம்பி?"

"ரெண்டும் 20 ரூபாய் சார்."

"அப்புறம் எதுக்கு 400?"

அவர் வாதாடவில்லை. "குடுக்கிறதைக் குடுங்க சார்" என்றார். 200 கொடுத்தேன். வீட்டில் வந்து பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால், அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்று மோட்டார் எரிந்தால் யாரும் தூக்கி எறிவதில்லை. காயில் கட்டக் கொடுக்கிறோம். கம்பிக்கு ஒரு காசு, கட்டுக்கூலி தனி. திராட்சையும் வாழையும் காயுமே என்ற பயத்தில் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கணினி என்றால் மட்டும் உதிரிப் பொருளுக்குத்தான் விலை, பழுதைக் கண்டுபிடித்த அறிவுக்கு விலை இல்லை. பிரான்சில் 2022 டிசம்பர் முதல் மின்சாதனங்களைப் பழுதுபார்த்தால், செலவில் ஒரு பகுதியை உற்பத்தியாளர்கள் செலுத்தும் நிதியிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள். அப்படித் தாங்கிப் பிடித்தால்தான் அந்தத் தொழில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏமாற்றுபவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். அதற்கு வழி பேரம் இல்லை. எது கெட்டது என்று காட்டச் சொல்லுங்கள். கழற்றியதைக் கையில் வாங்குங்கள். பார்க்கும் கூலி எவ்வளவு, பொருள் விலை எவ்வளவு என்று முதலிலேயே தனித்தனியாகக் கேளுங்கள். கேட்ட பிறகு குறைக்காதீர்கள்.

இந்தப் பதிவை அதே கணினியில்தான் தட்டுகிறேன். அந்த 200 ரூபாயை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.